சனிக்கிழமை ராத்திரி சாகசப் படம்: ஆறு வயதும் எழுபது வயதும் சேர்ந்து பார்க்க

எங்கள் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி என்றால் படம். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன வீடு, ஹாலில் ஒரு டிவி, அதன் எதிரே ஐந்து பேர். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, இளையவனுக்கு ஆறு. என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, பிள்ளைகளுக்கு ஆச்சி. காதல் படம் போட்டால் இளையவன் எழுந்து போய்விடுவான். அழுகைப் படம் என்றால் மூத்தவள் போனைக் கையில் எடுத்துவிடுவாள். பேய்ப் படத்துக்கு என் மனைவியிடம் அனுமதியே கிடையாது. கழித்துக் கழித்துக் கடைசியில் மிஞ்சியது சாகசப் படம்தான்: யாரோ எங்கேயோ கிளம்பிப் போய், எதையோ தேடி, அடிபட்டு, பிழைத்து, வீடு திரும்புகிற கதை. அதில் ஐந்து பேருக்கும் ஏதோ ஒன்று கிடைத்துவிடுகிறது.

இப்படி வாராவாரம் பார்த்ததில் பிடிபட்ட சில விஷயங்களை எழுதுகிறேன். பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும். எந்தப் படத்தை எந்த வயதுக்குப் போடலாம், எங்கே நிறுத்தலாம், எந்த மொழியில் ஓடவிடலாம் என்பதெல்லாம் பட்டியலில் இருக்காது.

முதல் விஷயம் பயம். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நாம் நினைக்கிற இடம் வேறு, அவர்கள் உண்மையில் கலங்குகிற இடம் வேறு. பல்லும் நகமுமாகப் பாய்கிற மிருகம் அவர்களைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அம்மா இல்லாமல் போவது, அப்பாவைப் பிரிவது, பெரியவர்கள் கைவிட்டுப் போவது, இவைதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கின்றன.

'ஜுராசிக் பார்க்' (1993) அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் யோசித்துக் காட்ட வேண்டும் என்ற சான்றிதழோடு வந்த படம். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து, இளையவன் எப்போது முகத்தைத் திருப்புவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கழிப்பறைக் கூரை பிய்ந்து விழுந்து, உட்கார்ந்திருந்த வக்கீலை டைனோசர் கவ்விக்கொண்டு போகிற இடத்தில் பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அதற்குச் சற்று முன்னால், அதே வக்கீல் காரில் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு மழையில் இறங்கி ஓடியபோதுதான் அவன் முகம் மாறியது. "அந்த மாமா ஏன் அவங்கள விட்டுட்டுப் போனாரு?" என்று படம் முடிந்து பல் தேய்க்கும்போதும் கேட்டான். மறுநாள் காலையிலும் கேட்டான். டைனோசரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

அதற்கு நேர் எதிர் 'ஃபைண்டிங் நீமோ' (2003). எல்லா வயதினருக்கும் ஏற்றது என்ற சான்றிதழ் பெற்ற படம். கலர் கலராக மீன்கள், பவளப்பாறை, சிரிப்பு. ஆனால் தொடங்கி ஐந்து நிமிடம் ஆவதற்குள் பாராகுடா என்ற பெரிய வேட்டை மீன் ஒன்று வந்து, நீமோவின் அம்மாவையும், ஒரே ஒரு முட்டை தவிர மற்ற எல்லா முட்டைகளையும் இல்லாமல் ஆக்கிவிடும். ரத்தம் ஒரு சொட்டுகூடக் காட்டமாட்டார்கள். ஆனாலும் அந்த இடத்தில் எங்கள் வீட்டு இளையவன் நேராக எழுந்து போய் அவன் அம்மா மடியில் உட்கார்ந்தவன், படம் முடிகிறவரை இறங்கவில்லை.

அதனால் இப்போதெல்லாம் படம் போடும் முன் நான் கதைச் சுருக்கத்தை ஒரு ஓட்டம் படித்துவிடுகிறேன். பார்ப்பது இரண்டே விஷயம்: பெற்றோர் யாராவது சாகிறார்களா, பிரிகிறார்களா? கடைசியில் அந்தப் பிள்ளை வீடு போய்ச் சேருகிறதா? சேருகிறது என்றால் அதை இளையவனிடம் முன்கூட்டியே சொல்லியும்விடுகிறேன். "அப்பா மீன் கடைசியில நீமோவக் கண்டுபிடிச்சிரும்டா" என்று சொன்னால் அவன் ஆசுவாசமாகப் பார்க்கிறான். கதையைச் சொல்லிவிட்டால் சுவை போய்விடும் என்பது பெரியவர்களின் கவலை. ஆறு வயதில் முடிவு தெரிந்த கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். மூத்தவளிடம் மட்டும் மூச்சு விடக் கூடாது. அவளுக்கு முடிவைச் சொன்னால் அன்று ராத்திரி வீட்டில் வேறு சாகசம் நடக்கும்.

சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் நாட்டில் முன்பு யு, யு/ஏ, ஏ என்றுதான் பெரும்பாலும் பார்த்திருப்போம். 2024-இல் வந்த விதிகளின்படி யு/ஏ என்பதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஓடிடி தளங்களுக்கு 2021 முதலே இதே மாதிரி வயதுக் கணக்கு உண்டு. 13+ முதல் மேலே உள்ளவற்றைப் பூட்டிவைக்கும் வசதியும் கொடுத்திருக்க வேண்டும். செட்டிங்கில் போய் ஒருமுறை பின் நம்பர் போட்டுவைத்தால் போதும். ரத்தம், கெட்ட வார்த்தை, ஆபாசம் இதற்கெல்லாம் சான்றிதழ் நல்ல வழிகாட்டி. பிரிவு என்ற கணக்கு மட்டும் அதில் சரியாக ஏறுவதில்லை. அதை வீட்டில் உள்ளவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'தி ஜங்கிள் புக்' (2016) வந்தபோது, குழந்தைகள் படத்துக்குப் போய் யு/ஏ கொடுக்கலாமா என்று பெரிய சர்ச்சை ஆனது. எனக்கு அந்தச் சான்றிதழ் சரி என்றே பட்டது. ஷேர் கான் என்கிற புலி, ஓநாய்த் தலைவனை மலை விளிம்பிலிருந்து தூக்கி எறிகிற இடம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வரும். மற்றபடி வீட்டோடு பார்க்க அருமையான படம். தமிழிலும் உண்டு. முடிந்ததும் பிள்ளைகளிடம் "இது எந்தக் காடு, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டேன். முண்டந்துறை என்றான் இளையவன். மத்தியப் பிரதேசம் என்றாள் மூத்தவள். மூலக் கதையில் கிப்ளிங் எழுதிய சியோனி காடு அங்கேதான் இருக்கிறது. ஆனால் படம் எடுத்தது லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குள் ஸ்டூடியோவில். பையன் நிஜம், காடும் மிருகங்களும் கம்ப்யூட்டரில் வரைந்தவை. எழுத்து ஓடும்போது கடைசியில் அவர்களே அதைப் போடுவார்கள். அதைக் கண்ணால் பார்க்கிறவரை இருவரும் நம்பவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் படம் முடிந்ததும் டிவியை அணைப்பதில்லை. எழுத்து முழுக்க ஓட வேண்டும்.

அடுத்தது அம்மா. பிள்ளைகளை மனதில் வைத்தே எல்லாரும் படம் தேடுகிறார்கள், வீட்டில் பெரியவர் ஒருவர் இருப்பது கணக்கில் வருவதில்லை. ஆங்கிலம் தெரியாது, கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்கக் கண்ணாடி போட்டாலும் வேகம் போதாது. பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, "நீங்க பாருங்க, நான் போய் வெங்காயம் உரிக்கேன்" என்று எழுந்துவிடுவாள். தமிழ் ஆடியோ இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமையே பார்த்துவைப்பது இதற்காகத்தான். சில படங்கள் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் இருந்த தமிழ் ஒலி இந்த மாதம் இருக்காது. சனிக்கிழமை ஏழு மணிக்கு எல்லாரும் தட்டோடு உட்கார்ந்த பிறகு ரிமோட்டைத் தட்டித் தேடுவது போன்ற கொடுமை வேறில்லை.

டப்பிங் என்றாலே மட்டம் என்று நினைக்கவும் வேண்டாம். 2019-இல் வந்த 'தி லயன் கிங்' தமிழில் ஸ்காருக்கு அரவிந்த் சாமி, சிம்பாவுக்கு சித்தார்த், டிமோன் – பும்பா ஜோடிக்கு சிங்கம்புலியும் ரோபோ சங்கரும். பும்பா என்கிற காட்டுப்பன்றி வாயைத் திறந்ததும் அம்மா, "ஏ, இது நம்ம ரோபோ சங்கர் குரல்லா!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் வெங்காயம் நினைவு வரவில்லை. அந்தப் படத்திலும் அப்பா சிங்கம் சாகிறது, அதை மறக்க வேண்டாம். அந்த இடத்தில் இளையவனுக்கு முன்னால் அம்மாதான் அழுதாள்.

மொழியே வேண்டாத இடங்களும் உண்டு. 'அப்' (2009) தொடக்கத்தில் கார்ல், எல்லி என்ற இரண்டு பேரின் மொத்த மணவாழ்க்கையும் சில நிமிடங்களில், பேச்சே இல்லாமல், இசையோடு ஓடிவிடும். பழைய வீட்டைச் சரிசெய்வது, உண்டியலில் காசு சேர்ப்பது, அது ஏதாவது செலவுக்கு உடைவது, குழந்தை இல்லாத துக்கம், தலை நரைப்பது, ஆஸ்பத்திரி. என் அப்பா போய்ச் சில வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு அந்தப் பகுதியில் யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு கார்ல் பலூன் கட்டி வீட்டையே தூக்கிக்கொண்டு தென் அமெரிக்காவுக்குப் பறப்பதை, ஏதோ தெரிந்தவர் வீட்டு விவகாரம் மாதிரி கேள்வி கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். "வீட்டுக்குப் பூட்டு போட்டானா?" என்பது அதில் ஒன்று. கதையில் வரும் அருவிக்கு மூலம் வெனிசுலாவில் உள்ள ஏஞ்சல் அருவி. 979 மீட்டர் உயரம். நம் குற்றாலம் பேரருவியை அதற்கு அளவாக வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை, அருவி என்றால் குளிக்க முடிய வேண்டாமா என்றார்கள்.

டிவி விஷயம் ஒன்று இருக்கிறது. புதிதாக டிவி வாங்கி முதல் படம் போட்டபோது அம்மா சொன்னாள், "என்னல இது, சீரியல் மாதிரி இருக்கு." அப்படியே உண்மை. சினிமா நொடிக்கு 24 படமாக எடுக்கப்படுவது. புது டிவிகள் நடுவில் தாமாகவே படங்களைச் சேர்த்து அசைவை வழவழப்பாக்கிவிடும். அதனால்தான் கோடி கோடியாகச் செலவு செய்து எடுத்த படம் மத்தியான சீரியல் மாதிரி தெரிகிறது. இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: மோஷன் பிளஸ், ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ. படத்துக்கான செட்டிங்கில் போய் அதை அணைத்துவிடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோடு என்று இருந்தால் அதைப் போட்டாலே போதும்.

சத்தமும் அப்படித்தான். பேச்சு கேட்கவில்லை என்று கூட்டினால் அடுத்த நிமிடம் வெடிச்சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். தனி ஸ்பீக்கர் இல்லாத வீட்டில் ஆடியோ மெனுவில் 5.1 என்பதற்குப் பதிலாக ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுத்தால் பேச்சு கொஞ்சம் முன்னால் வரும். நைட் மோடு இருந்தால் இன்னும் நல்லது. அது பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னச் சத்தத்தைத் தூக்கும்.

இன்டர்வெல் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. இங்கிலீஷ் படத்தில் இடைவேளை கிடையாது, நாம்தான் வைக்க வேண்டும். தியேட்டரில் நம் ஆட்கள் கதை உச்சத்தில் நிற்கும்போது இடைவேளை விடுவார்கள், திரும்பி வர வேண்டுமே என்று. வீட்டில் அதற்குத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஓய்ந்து, மூச்சு விடுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஏனென்றால் சின்னவன் பாதியிலேயே தூங்கிப்போகலாம், மிச்சத்தை மறுநாள் பார்க்கலாம். எதை மனதில் வைத்துக்கொண்டு தூங்குகிறான் என்பது முக்கியம். 'ஜுராசிக் பார்க்' 127 நிமிடம். காருக்குள் மாட்டிய பையனை மரத்திலிருந்து இறக்கிக் காப்பாற்றிய பிறகு, அவனும் அவன் அக்காவும் காப்பாற்றியவரும் வேறொரு மரத்தில் ஏறி உட்கார்ந்து, தழை தின்கிற நீள்கழுத்து டைனோசர்களைப் பார்ப்பார்கள். அதுதான் இடம். தோசை ஊற்ற எழுந்திருக்கலாம்.

அந்தப் படத்தில் டைனோசர் திரையில் தெரிவது மொத்தம் சுமார் 15 நிமிடம்தான். மிச்ச நேரமெல்லாம் வரப்போகிறது, வரப்போகிறது என்று காத்திருக்க வைத்தே இயக்குநர் ஸ்பீல்பெர்க் வேலையை முடித்துவிட்டார். எல்லாருக்கும் நினைவில் நிற்பது காருக்குள் டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழும்புகிற இடம். மறுநாள் காலை இளையவன் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்து ஹாலில் வைத்துவிட்டு, சுற்றிச் சுற்றித் தரையை மிதித்தான். தண்ணீர் சும்மா குலுங்கியதே தவிர வளையம் வரவில்லை. மேஜையில் வைத்துக் குத்தினான். அப்போதும் வரவில்லை. படம் எடுத்தவர்களுக்கும் இதே பாடுதான். கடைசியில் காரின் டேஷ்போர்டுக்கு அடியில் கிட்டார் கம்பியைக் கட்டி, அதை மீட்டித்தான் அந்த வளையத்தைக் கொண்டுவந்தார்கள். இதைச் சொன்னதும் மூத்தவள் யோசித்து, ஒரு தட்டில் டம்ளரை வைத்து, பக்கத்திலேயே என் போனை வைப்ரேட்டில் வைத்துவிட்டு, அவள் அம்மா போனிலிருந்து கூப்பிட்டாள். முதல் ரிங்கிலேயே விளிம்பிலிருந்து நடுவுக்கு மெல்லிய வளையங்கள். ஆச்சியையும் கூட்டிவந்து காட்டினார்கள். "இதுக்கா ரெண்டு பேரும் காலையில இருந்து வீட்டை இடிச்சீங்க" என்றாள். அந்த டைனோசரின் உறுமல் குட்டி யானை, புலி, முதலை மூன்றின் சத்தத்தையும் கலந்து செய்தது என்பதையும் அன்றைக்கே சொன்னேன். அப்புறம் ஒரு வாரத்துக்கு வீட்டில் யாராலும் நிம்மதியாகக் கண்ணயர முடியவில்லை.

இந்தியானா ஜோன்ஸ் வரிசையைப் பலரும் கேட்கிறார்கள். என் கணக்கில் குடும்பத்துக்கு முதலில் போட வேண்டியது 1989-இல் வந்த மூன்றாவது படம், 'தி லாஸ்ட் க்ரூசேட்'. காரணம் அப்பா. ஷான் கானரி அப்பாவாக வந்து, இத்தனை சாகசம் செய்கிற மகனைச் சின்னப் பையனை அதட்டுகிற மாதிரி அதட்டிக்கொண்டே இருப்பார். அம்மாவுக்கு அந்தப் படம் மிகவும் பிடித்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். கடைசியில் வரும் பாறைக் கோயில் முகப்பு ஜோர்டானில் உள்ள பெட்ரா. நிஜமான இடம், இன்றும் போய்ப் பார்க்கலாம். கோப்பையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தவன் நொடியில் கிழடு தட்டி எலும்பாகிற இடம் மட்டும் சின்னவர்களுக்கு ஆகாது.

முதல் படமான 'ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' (1981) கடைசியில் வில்லன்களின் முகம் மெழுகாக உருகி வழியும். ஆனால் அதற்குப் படத்திலேயே ஒரு வழி இருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் நாயகன் தன்னோடு கட்டப்பட்டிருக்கும் பெண்ணிடம் கண்ணைத் திறக்காதே என்று சொல்லிவிட்டுத் தானும் மூடிக்கொள்வான். எங்கள் வீட்டில் அப்போது எல்லாரும் மூடிக்கொள்ள வேண்டும் என்று சட்டம். நாயகனே மூடும்போது கண்ணை மூடுவது கோழைத்தனம் ஆகாது அல்லவா? இளையவன் கெட்டியாக மூடிக்கொண்டான். மூத்தவள் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவின் முறை வந்தால் எம்.ஜி.ஆர்தான். 'ஆயிரத்தில் ஒருவன்', 1965, பி.ஆர். பந்துலு எடுத்தது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் சேர்ந்து நடித்த முதல் படம். வைத்தியராக இருக்கிற மணிமாறன் அடிமையாக்கப்பட்டுக் கன்னித்தீவுக்கு அனுப்பப்பட்டு, கடற்கொள்ளைக்காரர்களிடம் மாட்டி, கடைசியில் மீள்கிற கதை. கப்பல், வாள் சண்டை, தீவு எல்லாம் இருக்கிறது. பிள்ளைகள் பழைய படம் என்று முதலில் முகம் சுளித்தார்கள். நம்பியாரும் எம்.ஜி.ஆரும் யானை, சிங்கம் என்று மாற்றி மாற்றிப் பேசுகிற இடம் வந்ததும் நிலைமை மாறிவிட்டது. அடுத்த வாரம் முழுக்க வீட்டில் பல் தேய்க்கச் சொன்னாலும் அந்தத் தோரணையில்தான் பதில். கப்பல் மேல்தளத்துப் பாட்டுக்கு அம்மா கூடவே பாடினாள். ஒரு எச்சரிக்கை மட்டும்: இதே பெயரில் 2010-இல் செல்வராகவன் எடுத்த படமும் இருக்கிறது. தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும். தனியாகப் பார்க்க வேண்டிய படம் அது, ரத்தமும் குரூரமும் அதிகம். ஆறு வயதுக்காரன் கையில் ரிமோட்டைக் கொடுத்து வாயால் பெயர் சொல்லித் தேடச் சொல்லாதீர்கள்.

எல்லாவற்றிலும் எங்கள் வீட்டில் அதிக நாள் பேசப்பட்டது 'அப்போலோ 13' (1995). வில்லன் இல்லை, சண்டை இல்லை, மிருகம் இல்லை. 1970 ஏப்ரலில் நடந்த உண்மைக் கதை. நிலாவில் இறங்கப் போன மூன்று பேரின் கலத்தில், பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஆக்ஸிஜன் தொட்டி வெடித்துவிடுகிறது. இரண்டு பேருக்கு இரண்டு நாள் தாங்கும்படி செய்த நிலாக் கலத்துக்குள் மூன்று பேர் கிட்டத்தட்ட நான்கு நாள் தாக்குப்பிடித்துத் திரும்ப வேண்டும். 140 நிமிடம் என்பதால் சனி, ஞாயிறு என்று பிரித்துக்கொண்டோம். வெடிப்பதற்கு முன்னால் நிறுத்தாமல், வெடித்து, மூவரும் நிலாக் கலத்துக்கு மாறிய பிறகு நிறுத்தினோம்.

அம்மாவுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கதை சொன்னேன். அந்த மூவரின் தலைவர் லவலின் மனைவி குளிக்கும்போது கல்யாண மோதிரம் கழன்று சாக்கடைத் துவாரத்தில் விழுகிற இடத்தில், "போச்சு, சகுனமே சரியில்ல" என்றாள். நிலாப் பயணம், ராக்கெட் எல்லாம் தாண்டி அவளுக்கும் அந்தப் படத்துக்கும் அந்த இடத்தில் ஒட்டுதல் வந்துவிட்டது. முதியோர் இல்லத்தில் இருக்கிற லவலின் அம்மா, என் மகன் எதையும் இறக்கிவிடுவான் என்கிற மாதிரி பேசுவார். அதில் நடித்தவர் இயக்குநர் ரான் ஹோவர்டின் சொந்த அம்மா. அதைச் சொன்னபோது அம்மா என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், நீ என்னை எதில் நடிக்க வைத்தாய் என்கிற மாதிரி.

பிள்ளைகள் பிடித்துக்கொண்டது வடிகட்டி விவகாரத்தை. மூன்று பேர் விடுகிற கரியமில வாயு கூடிக்கொண்டே போகிறது. அதை உறிஞ்சும் பெட்டிகள் தாய்க் கலத்தில் நிறைய இருக்கின்றன, ஆனால் அவை சதுரம். நிலாக் கலத்தில் பொருத்தும் இடம் வட்டம். கலத்துக்குள் என்னென்ன இருக்கிறதோ அதை மட்டும் வைத்து இதை அதில் பொருத்த வேண்டும். பிளாஸ்டிக் பை, அட்டை, உடையின் குழாய், ஒட்டும் டேப் இவற்றை வைத்து பூமியில் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் வழி கண்டுபிடித்து, வார்த்தையாலேயே மேலே சொல்லிக்கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்களும் அதைச் செய்தோம். அடிப்பகுதி வெட்டிய சதுர டிபன் டப்பா ஒன்று, வாய் குறுகிய வட்டமான பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி. பால் கவர், நோட்டு அட்டை, டேப், ஒற்றையாகிப்போன ஒரு பள்ளிக்கூட சாக்ஸ். வேறு எதையும் தொடக் கூடாது. டப்பா பக்கத்தில் ஊதினால் பாட்டில் வாயில் தொங்கவிட்ட டிஷ்யூ காகிதம் ஆட வேண்டும், அதுதான் பரீட்சை. முதலில் பால் கவரை இழுத்துக் கட்டியதில் மூலைகள் நான்கிலும் காற்று ஒழுகியது. அட்டையை மடித்து மூலைக்கு முட்டுக் கொடுத்த பிறகு கவர் தொய்யாமல் நின்றது, சாக்ஸை இடுக்கில் திணித்தாள் மூத்தவள். இளையவனின் வேலை ஊதுவது. கன்னம் சிவக்க ஊதினான், காகிதம் ஆடியது. மத்தியானச் சாப்பாடு இரண்டரை மணிக்குத்தான் நடந்தது. மனைவி அறையை மூடிக்கொண்டு தூங்கிவிட்டாள், அது அவளுடைய சாகசம். இந்த விளையாட்டுக்குப் படம் பார்த்த மறுநாள்தான் சரி. ஒரு வாரம் தள்ளினால் சூடு ஆறிவிடும்.

'லைஃப் ஆஃப் பை' (2012) பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அதன் நாயகன் நம் புதுச்சேரிப் பையன். தொடக்கத்தில் மிருகக்காட்சிசாலை மிருகங்களைக் காட்டும்போது பாம்பே ஜெயஸ்ரீ பாடுகிற தமிழ்த் தாலாட்டு வரும். ஆஸ்கர் பரிந்துரை வரை போன பாட்டு. அம்மாவை அழைத்து உட்காரவைக்க அது போதும். கடல் காட்சிகள் தாய்வானில் ஒரு பழைய விமான நிலையத்தில் கட்டிய அலைத் தொட்டியில் எடுத்தவை, படகில் பையனோடு மாட்டிக்கொள்ளும் புலி பெரும்பாலும் கம்ப்யூட்டர் புலி. ஆனால் ஆறு வயதுக்கு வேண்டாம். கப்பலோடு மொத்தக் குடும்பமும் போய்விடுகிறது, வீடு திரும்புவது என்பதே இல்லை. கடைசியில் பையன் சொல்கிற இன்னொரு கதை, வாயால் சொல்வது மட்டும்தான், காட்டவே மாட்டார்கள்; ஆனாலும் படத்திலேயே பயங்கரம் அதுதான். மூத்தவள் பார்த்தாள், இரண்டு கதையில் எது உண்மை என்று எங்களோடு சண்டை போட்டாள். நான் புலிக் கட்சி, அவள் எதிர்க்கட்சி.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கையில் ஒட்டாத, சத்தம் போடாத, ஹாலில் சிந்தினால் பெருக்கிவிடக்கூடிய எதுவும் சரி. முறுக்கு வேண்டாம், வசனம் கேட்காது. எங்கள் வீட்டில் அவித்த நிலக்கடலை. ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடிய வேண்டும். படம் நடக்கும்போது பேசக் கூடாது என்ற சட்டம் எங்களிடம் இல்லை. பேசத்தானே சேர்ந்து பார்க்கிறோம். போன் மட்டும் ஃபிரிட்ஜ் மேல். யார் தேர்ந்தெடுப்பது என்பது சுற்று முறையில் வரும், மற்றவர்கள் அதற்கு எதிராக முணுமுணுக்கலாம், மாற்ற முடியாது.

இப்போது நடந்துகொண்டிருக்கும் தகராறு இந்தியானா ஜோன்ஸின் இரண்டாவது படம் பற்றியது, 'டெம்பிள் ஆஃப் டூம்' (1984). மூத்தவளின் முறை, அவளுக்கு அதுதான் வேண்டும். கதை நடப்பது இந்தியாவில். ஆனால் அந்தக் கதையைப் படித்துவிட்டு இங்கே அனுமதி கிடைக்காமல் போனதால் இலங்கையில் கண்டிப் பக்கம் போய் எடுத்தார்கள். கிராமத்து ஆட்கள் பேசுவது சிங்களம். அரண்மனை விருந்தில் பாம்புக் கறி, குரங்கு மூளை என்று பரிமாறுவார்கள். எந்த ஊர் ராஜா வீட்டில் இப்படிச் சாப்பிட்டார்கள் என்று எடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அம்ரிஷ் பூரி உயிரோடு ஒருவன் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்கி எடுப்பார். இந்தப் படமும் அதே வருடம் வந்த இன்னொரு படமும் கிளப்பிய புகாரில்தான் அமெரிக்காவில் 13 வயதுச் சான்றிதழே புதிதாக வந்தது. சனிக்கிழமைக்கு இது வேண்டாம் என்று நானும், சுற்று முறைச் சட்டத்தை நீங்களே மீறலாமா என்று அவளும் நிற்கிறோம். சமரசம் இப்படி முடிந்திருக்கிறது: ஞாயிறு மத்தியானம் இளையவன் டிராயிங் கிளாஸுக்குப் போன பிறகு அவளும் நானும் மட்டும் பார்ப்பது, விருந்துக் காட்சியில் நிறுத்தி அதைப் பற்றிப் பேசுவது. சனிக்கிழமைக்கு அவள் வேறு படம் தேர்ந்தெடுத்துக்கொள்வாள். அதுவரை இளையவனுக்கு இது தெரியக் கூடாது. தெரிந்தால் வயிற்று வலி என்று சொல்லி கிளாஸுக்கு மட்டம் போட்டுவிடுவான்.